நெல்லில் எழுதிய கல்விக் கணக்கு

ஒரு பிள்ளையைப் படிக்க வைக்க எவ்வளவு ஆகும் என்ற கேள்வி நம் வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் தவறாமல் எழும். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு நாழிக் கணக்கில் விடை எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அரிசி மண்டிக்காரன். கல்லூரியில் வரலாறு படித்தவன் அல்லன். கல்வெட்டைப் பார்த்தால் மற்றவர்கள் மெய்க்கீர்த்தியைப் படிப்பார்கள். என் கண் நேரே நெல் அளவுக்குப் போய்விடும். அப்படிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நயினார் வீட்டுச் செய்தி ஒன்று. சமணர் சொல்லும் தானங்கள் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். சாத்திர தானம் என்பது கல்வி. நம் பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் ‘பள்ளி’ என்ற சொல் பழைய கல்வெட்டுகளில் சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்தைக் குறிக்கும். கழுகுமலைக்குப் போனவர்கள் பாறையில் வட்டெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். குரவர், குரத்தியர், மாணாக்கர், மாணாக்கியர் என்று எத்தனை பெயர்கள்! ஆசிரியையின் பெயரோடு அவர் மாணவியின் பெயரும் 8, 9ஆம் நூற்றாண்டுக் கல்லில் நிற்கிறது.

வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊரில் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கனகவீரக் குரத்தியார் என்ற அம்மையார், அவருக்கு ஐந்நூறு மாணாக்கியர். அங்கிருந்த வேறு நானூறு தவப் பெண்களோடு இவர்களுக்கு ஏதோ பிணக்கு. அப்போது ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? குரத்தியாரையும் அவர் மாணவியரையும் காத்துச் சோறிடுவதாகப் பொறுப்பேற்றுக் கல்லில் வெட்டிக் கொடுத்தார்கள். பாடத்தைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. பாதுகாப்பும் சோறும்தான்.

இனி எண்ணாயிரம். விழுப்புரம் மாவட்டத்து ஊர். அங்குள்ள குன்றில் எங்கள் சமணப் படுக்கைகளும் உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே ஒரு வேதக் கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர், அதற்கு விட்ட நிலம் 45 வேலி. தஞ்சாவூர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 300 ஏக்கர். இளைய மாணவர் 270 பேருக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல். மேல்படிப்பு படித்த 70 பேருக்கு ஆளுக்கு 10 நாழி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளைக்கு 2,320 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அப்படியானால் நாளைக்கு 24 கலம் 2 குறுணி. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் 8,700 கலம் மாணவருக்கு மட்டுமே.

ஆறு நாழி நெல்லைக் குத்தினால் மூன்று நாழி அரிசிக்குக் கொஞ்சம் குறையக் கிடைக்கும். அத்தனையையும் ஒரு பிள்ளை தின்று தீர்க்க முடியாது. மிச்ச நெல் உப்புக்கும் பருப்புக்கும் மோருக்கும் துணிக்கும் போயிருக்கும் என்பது என் வியாபாரி மூளைக்குத் தோன்றுவது. திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேல். வீரராசேந்திரன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் அங்கேதான். விடுதி மாணவருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய்கூடக் கணக்கில் வருகிறது! தலைக்கு எண்ணெய் இல்லாமல் பிள்ளை படிக்காது என்று நம் பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை.

ஏன் நெல்லில் எழுதினார்கள்? பொன்னும் காசும் அன்றும் இருந்தன. கொடைகளில் அவையும் வருகின்றன. ஆனால் அன்றாடச் சாப்பாட்டுக்கு நெல்லையே விதித்தார்கள். விலைவாசி ஏறினாலும் இறங்கினாலும் ஆறு நாழி ஆறு நாழிதான். கோயில் விளக்குக்கு 96 ஆடு விட்டு, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடு, முதல் கரையாது. இதற்கு மேல் எந்த வங்கி மேலாளர் யோசனை சொல்வார்?

ஒன்றை மறைக்கக் கூடாது. எண்ணாயிரத்தில் படித்தவர்கள் வேதம் ஓதும் பிள்ளைகள். அந்த 45 வேலியில் சேற்றில் இறங்கி உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. கொடையின் கணக்கு நேர்த்தியானது, கதவு குறுகலானது. பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். வாத்தியார் வருமானம் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் அபூர்வம் என்றும், அதற்குத் தகுதியானவர் வரமாட்டார் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். பெல்லாரி கலெக்டர் காம்பெல் 1823இல் இன்னும் வெளிப்படையாக எழுதினார். சீமைத் துணி வந்து நெசவுக் குடும்பங்கள் நொடித்தன. பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது பள்ளி இல்லை. வறுமையால் பிள்ளைகளை அனுப்ப முடியவில்லை என்று. குடும்பத்தில் வருமானம் விழுந்தால் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்பு.

இந்த முடிச்சை அவிழ்த்ததும் சோறுதான். 1920இல் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராசர் மாநிலம் எங்கும் விரித்தது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022இல் காலை உணவு. இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. வெளி மாநிலம் வந்த நம் முன்னோரும் கை கட்டி நிற்கவில்லை. தில்லியில் 1923இல் மதராசிக் கல்விச் சங்கம். இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் அதன் வளர்ச்சி. மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று வந்த குமாஸ்தாக்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வளர்த்தவை.

இப்போது நம் நிலைமை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் கல்லூரிக்குப் போனால் 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கு 2024 முதல். வெளியூரில் படித்த நம் பிள்ளைகளுக்கு அது எட்டாது. 2014இல் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினர் ஆனோம். ஆனால் சிறுபான்மையினர் கல்வி உதவியில் எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ளது 2022–23 முதல் நின்றது.

என் பேத்திக்குக் கல்வெட்டுப் படிப்பில்தான் ஆசை, பழக்கியவன் நான். வேறு நகரத்து அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆண்டுக் கட்டணம் இருபதாயிரத்துக்குள். அறைக்கும் மெஸ்ஸுக்கும் மாதம் பன்னிரண்டாயிரம். “தாத்தா, ஃபீஸ் கட்டிடலாம், சாப்பிட முடியாது” என்றாள். வீட்டிலிருந்தே போய்வரும் கல்லூரியில் பி.காம். சேர்ந்துவிட்டாள். அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தது அவள் அல்ல, மெஸ் பில்.

நான் அறிந்த ஒரு சங்கத்தில் 1988இல் ஒரு லட்சம் ரூபாய் வைப்பு நிதி போட்டார்கள். அன்று பத்து சதவீத வட்டி. பத்தாயிரத்தில் ஒரு மாணவனின் ஓராண்டுச் சாப்பாடு தாராளமாக நடந்தது. இன்று வட்டி ஆறரையில் நிற்கிறது. வருகிற ஆறாயிரத்து ஐந்நூற்றில் இரண்டு கேடயமும் ஒரு சால்வையும் வாங்கி மேடையில் கொடுக்கிறார்கள். முதல் அப்படியே இருக்கிறது. ஆடு மட்டும் மூத்துவிட்டது.

ஆகவே நம் சங்கம் உதவித்தொகையை ரூபாயில் எழுதாமல் அரிசியில் எழுதலாம் என்பது என் யோசனை. வெளியூரில் தங்கிப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு மாதம் 25 கிலோ பொன்னி மூன்று மூட்டையின் அன்றைய கடை விலை. பத்து மாதத்துக்கு முப்பது மூட்டை. கட்டணத்துக்கு வங்கிக் கடன் கிடைக்கும். இது சாப்பாட்டுக்கு மட்டும். இந்த ஊரில் மளிகை, பாத்திரம், ஜவுளி என்று கடை வைத்திருக்கும் தமிழர் பத்துப் பேர் ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று மூட்டை ஒப்புக்கொண்டால் ஒரு பிள்ளை. இருபது பேர் என்றால் இரண்டு. எந்தப் படிப்பு, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று விண்ணப்பத்தில் கேட்க வேண்டாம். விலையை ஆண்டுதோறும் ஜூன் முதல் வாரத்தில் மூன்று கடைகளில் விசாரித்துச் செயற்குழு எழுதிக்கொள்ளட்டும். என் மண்டியின் பெயரில் முதல் மூன்று மூட்டையை இப்போதே பற்று எழுதிக்கொள்ளலாம்.