பத்மநாபபுரம் அரண்மனை: குளமும் முற்றமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே, வேளிமலை அடிவாரக் கோட்டைக்குள் இருக்கும் மர அரண்மனை. ஊரின் பழைய பெயர் கல்குளம். பெயரிலேயே நீர் இருந்தும், இங்கே நீரூற்று ஒன்றுகூடக் கிடையாது.

நீரைப் பீய்ச்சும் கலை தெற்கே தெரியாததல்ல. இலங்கையின் சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த தோட்டத்தில், துளையிட்ட கற்பலகைகள் வழியே மழைக்காலத்தில் இன்றும் நீர் எழுகிறது. உயரத்திலிருக்கும் நீர் மண்ணுக்கடியில் ஓடிவரும் அழுத்தமே அதற்குப் போதும். காஷ்மீரின் ஷாலிமார் தோட்டத்துக்கும் மலைச்சரிவுதான் துணை. வேளிமலை பக்கத்திலேயே நிற்க, அந்த வசதி இங்கும் இருந்தது. வேண்டுமென்று நினைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இங்குள்ள பகுதிகளில் மிகப் பழையதாகக் கருதப்படும் தாய்க்கொட்டாரம் நாலுகெட்டு வீடு. நாலு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து நடுமுற்றத்தில் முடிகின்றன. மூலைக்கொரு தூண் அவற்றைத் தாங்குகிறது. மழை பிடித்தால் ஓட்டு விளிம்புகளிலிருந்து நாலு பக்கமும் நீர்த்திரை தொங்கும். தாழ்வாரத்தில் இருப்பவர் மேல் சாரல் படும், அவ்வளவுதான். தென்மேற்கு மூலையின் ஏகாந்த மண்டபத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணை எல்லோரும் பார்க்கிறார்கள். முற்றத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் நாட்டில், நீரை மேலே ஏற்றுவதைவிட விழும் நீரை வீட்டுக்குள் அழைப்பதே இயல்பு.

குளிக்கத் தனிக் குளம் உண்டு. கூரையிட்ட படித்துறை வழியே அதில் இறங்கலாம்.

அரண்மனை 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கியதாகச் சொல்வர். மார்த்தாண்ட வர்மர் (1729–1758) அதை விரிவாக்கி, மண்கோட்டையைக் கல்லால் கட்டுவித்தார். ஊரும் பத்மநாபர் பெயரைப் பெற்றது. பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயும் அவர் வெட்டுவித்ததாகவே சொல்லப்படுகிறது. தோட்ட அலங்காரத்தைவிட நெல்வயலுக்கே தண்ணீர் என்பது நாஞ்சில் நாட்டுக் கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரம் போயிற்று.

1956இல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபின்னும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. மழை நாளில் போவது நல்லது, திங்கட்கிழமை விடுமுறை.