மஞ்சளுக்குச் சாட்சி யார்?

ஒருநாள் குருக்கள்மடம் துறையில் இருந்து அம்பிளாந்துறைக்குப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவனுக்குக் காலில் சிப்பி வெட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஆச்சி, "மஞ்சள அரைச்சு வெச்சிக் கட்டு மகன், ஆறிடும்" எண்டா. இதில் என்ன புதுமை? எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

ஆனால் 1995இல் அமெரிக்கா இதைப் புதுக் கண்டுபிடிப்பாக ஏற்றுக்கொண்டது. மஞ்சள் தூளால் காயம் ஆற்றும் முறைக்கான காப்புரிமை மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்தது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர் நிறுவனம் எதிர்த்து வாதாடியது. 1997இல் காப்புரிமை நிராகரிக்கப்பட்டது.

எப்படி வென்றார்கள் என்பதுதான் விசயம். அன்றைய அமெரிக்கச் சட்டத்துக்கு, வெளிநாட்டில் மக்கள் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார்கள் என்பது போதாது. அது அச்சில் இருக்க வேண்டும். ஆச்சிமாரின் கைப்பழக்கம் அங்கே சாட்சி ஆகவில்லை. சமஸ்கிருத, உருது நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையும்தான் சாட்சி சொல்லின. அமெரிக்கா இந்த விதியை மாற்றியது 2013இல்தான். அதற்கு முன்பே, 2001இல், இந்தியா பாரம்பரிய அறிவு மின்னூலகத்தைத் தொடங்கியிருந்தது. சித்த மருத்துவ நூல்களும் அதில் சேர்ந்தன.

எங்கட நாட்டில்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பாதுகாக்கிறது. கூத்துக்கு அதில் இடமுண்டு. பரியாரியாரின் எண்ணெய்க்கு அப்படியொரு பிரிவு இல்லை.

2024 மே மாதம் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நாடுகள் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றன. மூலிகை போன்ற மரபணு வளத்தையும் அதனோடு சேர்ந்த பாரம்பரிய அறிவையும் வைத்துக் காப்புரிமை கேட்பவர், அவை எங்கிருந்து, எந்தச் சமூகத்திடமிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும். 15 நாடுகள் உறுதிப்படுத்தினால்தான் அது நடைமுறைக்கு வரும். வந்தாலும், சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டுமே?

ஆகவே நாங்கள் எழுதி வைக்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு இணையத்தில் போட்டால் யாரும் அள்ளிக்கொண்டு போகலாம். யார் சொன்னது, எந்த ஊர், வெளியிடச் சம்மதமா என்று முதலில் கேட்போம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாகட ஏடு வைத்திருக்கும் வீடுகளில் இருந்து தொடங்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்டைக்கு மஞ்சள் சொன்ன ஆச்சியின் பெயரை நாங்களும் கேட்கவில்லை.