ஒரே நம்பர், இரண்டு சுவிட்ச்

போன வாரம் என் பழைய காரில் இக்னிஷன் சுவிட்சை மாற்ற வேண்டியதாயிற்று. சாவியைத் திருப்பினால் ஒரு நாள் டேஷ்போர்டு விளக்குகள் எரியும், மறுநாள் எரியாது. மெக்கானிக் தம்பி பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த மூடியைத் திறந்து, பழைய சுவிட்சை எடுத்து என் கையில் கொடுத்தார். "பார்ட் நம்பரைப் பாத்துக்கோங்க சார், புதுசுலயும் அதே நம்பர்தான் இருக்கணும்" என்றார். பிறகு என் சாவிக்கொத்தைப் பார்த்தார். வீடு, பீரோ, கேட் எல்லாச் சாவியும் அதில்தான். "இவ்ளோ கனம் மாட்டாதீங்க சார்."

நம்பரும் கனமும் சேர்ந்து, அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய வழக்கை எனக்கு நினைவுபடுத்தின. நம்மில் பலர் அதை மேலோட்டமாகவே கேள்விப்பட்டிருப்போம். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பும்போது கையில் "டக்" என்று ஒரு தடை தெரியும் அல்லவா? சுவிட்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும், அது தள்ளிப் பிடிக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டும் இருக்கின்றன. ஓடும் நிலையிலிருந்து சாவி தானாக நழுவிவிடாமல் பிடித்து வைப்பது அந்தத் தண்டின் வேலை. ஸ்பிரிங் வலுவில்லாமல் இருந்தால், கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் இடித்தாலோ, பள்ளத்தில் கார் குதித்தாலோ, சாவி ஒரு படி பின்னால் போய்விடும். அப்போது என்ஜின் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் உதவி போகும். பிரேக் கெட்டிப்படும். எல்லாவற்றையும்விட மோசமானது ஏர்பேக். சாவி அந்த நிலைக்கு வந்ததும் ஏர்பேக்குக்கு மின்சாரம் நின்றுவிடும். வண்டி வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், மோதினால் காப்பாற்ற ஏர்பேக் விரியாது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சாட்டர்ன் அயான், செவ்ரோலே கோபால்ட் போன்ற சிறிய கார்களில் இதுதான் நடந்தது. சாவியைத் திருப்பக் குறைந்தது 15 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவைப்பட வேண்டும் என்பது கம்பெனியே வகுத்த அளவு. டெல்ஃபை நிறுவனம் செய்து கொடுத்த சுவிட்ச் அந்த அளவை எட்டவில்லை. அது தெரிந்தும் 2002இல் வடிவமைப்புப் பொறியாளர் ஒப்புதல் கொடுத்தார்.

கோபால்ட் விற்பனைக்கு வந்ததுமே ஓடும்போது என்ஜின் நிற்பதாகப் புகார்கள் வந்தன. சாவியின் தலையில் உள்ள நீண்ட துளையைச் சிறு வட்டத் துளையாக மாற்றினால் கொத்து அதிகம் ஆடாது என்று யோசனை சொன்னார்கள். செலவையும் காலத்தையும் காட்டி அதைக் கைவிட்டார்கள். 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. வாடிக்கையாளரிடம் சாவிக்கொத்தின் கனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றது அது. ஓடும் கார் நின்றுபோவதை வசதிக் குறைவு என்று வகைப்படுத்தினார்கள், பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை.

2006 ஏப்ரலில் அதே பொறியாளர் சுவிட்சைத் திருத்தினார். ஸ்பிரிங்கை வலுவாக்கி, பிளஞ்சரை நீளமாக்கி, மாற்றத்துக்குக் கையெழுத்தும் போட்டார். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே நம்பரில் வந்தன.

நான் கணக்கு ஆசிரியர். விடை தப்பானால் ரப்பரால் அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது என்று பிள்ளைகளிடம் முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். அழித்து எழுதினால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் எந்தப் படியில் தப்பு நடந்தது என்பது எனக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் மறுநாள் மறந்துபோகும். அந்தப் பொறியாளர் செய்தது ரப்பர் வேலை.

அதன் விலையைப் பாருங்கள். 2006 அக்டோபரில் விஸ்கான்சினில் கோபால்ட் கார் விபத்தில் இரண்டு இளம்பெண்கள் இறந்தார்கள். சாவி நிலை மாறியிருந்ததையும் ஏர்பேக் விரியாததையும் இணைத்து, ஒரு மாநிலக் காவலர் 2007 பிப்ரவரியிலேயே அறிக்கை எழுதினார். கம்பெனியின் விசாரணையாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை. பின்னால் அவர்களே ஒரு புதிரில் சிக்கினார்கள். பழைய மாடல்களில் ஏர்பேக் விரியாமல் போகிறது, 2008 மாடலிலிருந்து அப்படி இல்லை. ஏன்? சுவிட்ச் மாறியதா என்று பார்த்தால் நம்பர் அதேதான். அதனால் மாறவில்லை என்றே எண்ணி வருஷக்கணக்கில் சுற்றினார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் வெளியாள். 2010 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு நர்ஸ் தன் 29ஆவது பிறந்தநாளன்று கோபால்ட் காரில் போகும்போது விபத்தில் இறந்தார். சில நாள் முன்புதான் என்ஜின் நிற்கிறது என்று காரை டீலரிடம் விட்டு எடுத்திருந்தார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்புக்காக ஆராய்ந்த புளோரிடா பொறியாளர் ஒருவர், டீலரிடம் 30 டாலருக்குப் புது சுவிட்ச் ஒன்றை வாங்கி, அந்தப் பெண்ணின் காரில் இருந்ததோடு சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். நம்பர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. புதியதில் பிளஞ்சர் நீளமாக இருந்தது. 2013 ஏப்ரலில் சத்தியப் பிரமாணத்தின் கீழ்க் கேட்டபோது, மாற்றம் எதையும் தான் அனுமதித்ததாகத் தெரியாது என்றார் வடிவமைத்த பொறியாளர். அதே ஆண்டு, அவர் கையெழுத்திட்ட ஆவணம் டெல்ஃபையிடமிருந்து வந்தது.

2014 பிப்ரவரியில் கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். முதலில் 2007 மாடல் வரைதான். பிறகுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. பழைய குறையுள்ள சுவிட்சுகள் சுமார் 95,000 உதிரி பாகமாக விற்கப்பட்டிருந்தன. அவற்றில் சுமார் 90,000 பழைய கார்களுக்கே போயிருந்தன. மீதியில் சில, நல்ல சுவிட்சோடு வந்த 2008 முதல் 2011 வரையான கார்களில் ரிப்பேர் என்ற பெயரில் மாட்டப்பட்டிருக்கலாம். எந்தக் கார்? நம்பரை வைத்துப் பிரிக்க வழியில்லை. ஆகவே சுமார் 5,000 சுவிட்சுகளுக்காக அமெரிக்காவில் மட்டும் மேலும் 8,24,000 கார்களை அழைத்தார்கள். உலக அளவில் மொத்தம் 26 லட்சம்.

கம்பெனி முதலில் ஒப்புக்கொண்ட மரணங்கள் 13. பின்னர் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது 124. பதினைந்து ஊழியர்கள் வேலை நீக்கப்பட்டார்கள். 2015 செப்டம்பரில் கம்பெனி 90 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. தனிநபர் யார் மீதும் கிரிமினல் வழக்கு வரவில்லை.

2006இல் ஒரு புதிய நம்பர் போட்டிருந்தால், "எதற்கு மாற்றினீர்கள்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவந்திருந்தால், ஜார்ஜியாவில் அந்தப் பெண் 2010இல் ஓட்டிய காரில் நல்ல சுவிட்ச் இருந்திருக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கார் சாவியைத் தனியாக வையுங்கள். சுவிட்சை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஓடும்போது என்ஜின் நின்றால் பதறிச் சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனமாகும், ஆனால் வேலை செய்யும். பிரேக்கைப் பலமாக மிதித்து ஓரம் கட்டுங்கள்.

என் பழைய சுவிட்ச் இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது. இன்று மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டினேன். உங்களில் யாருக்காவது ஓடும் காரில் இப்படிச் சாவி நழுவியிருந்தால் கீழே எழுதுங்கள்.