தளவாடக் கணக்கில் ஒரு நாய்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த நேரம். அமெரிக்க ராணுவத்தின் நாய் முகாம்களில் விநோதமான ஒரு தேர்வு நடந்தது. ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நாயைச் சுற்றிச் சுற்றி வருவார். இன்னொருவர் காது கிழியும்படி சத்தம் எழுப்புவார். முன்பின் தெரியாத ஆட்கள் மாறி மாறி வந்து நாயைத் தட்டிக்கொடுப்பார்கள். உறுமாமல், பாயாமல் நாய் பொறுத்துக்கொண்டால் அது தேறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். பார்ப்பவனையெல்லாம் பகைவனாக நினைக்கப் பழக்கிய அதே ராணுவம், எல்லா மனிதரும் நல்லவரே என்று மறுபடி பாடம் எடுத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. அந்த நாய்களுக்கு வீடு இருந்தது. 1942 ஜனவரியில், பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, நாய் வளர்ப்போர் சிலர் ‘டாக்ஸ் ஃபார் டிஃபென்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கி, உங்கள் வீட்டு நாயை நாட்டுக்குத் தாருங்கள் என்று கேட்டார்கள். மக்களும் கொடுத்தார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 19,000 நாய்கள் சேர்ந்தன. அவற்றில் கிட்டத்தட்ட பாதி, துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்டும் உடல்தகுதி இல்லாமலும் கழிந்துபோயின. தேறியவை காவலுக்கும் வேவுக்கும் கப்பல் ஏறின.

நியூயார்க் மாநிலத்து பிளெசன்ட்வில் ஊரின் ரென் குடும்பம் கொடுத்த நாய் சிப்ஸ். 1943 ஜூலையில் சிசிலித் தீவில் அமெரிக்கப் படை கரையேறியபோது, இயந்திரத் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்த ஒரு பதுங்கரணுக்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் கையைத் தூக்கியபடி வெளியே வந்தார்கள். சிப்ஸுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது, பிறகு பறிபோனது. மனிதருக்கு உரிய பதக்கத்தை நாய்க்குக் கொடுப்பது, அதைப் பெற்ற வீரர்களை இழிவுபடுத்துவதாகும் என்று முன்னாள் வீரர் அமைப்பு ஒன்றின் தலைவர் வாஷிங்டனுக்கு எழுதியதன் விளைவு அது. 1944இல், இனி நாய்களுக்குப் பதக்கமே கிடையாது என்று முடிவானது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் செங்கம் பகுதி நடுகற்கள் நினைவுக்கு வரலாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். அவனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. வீரனின் கல்லில் நாய்க்கும் இடம் கொடுத்தால் வீரனுக்கு இழுக்கு என்று ஏழாம் நூற்றாண்டில் யாரும் மனு எழுதியதாகத் தெரியவில்லை.

பதக்கம் போனாலும் சிப்ஸ் உயிரோடு ஊர் திரும்பியது. 1945 டிசம்பரில் ரென் வீட்டுக்கு வந்து, மறு ஆண்டு அங்கேயே செத்தது. எல்லா நாய்க்கும் அப்படி வாய்க்கவில்லை. குவாம் தீவை மீட்ட சண்டையில் கடற்படைக் காலாட்படையின் நாய்களோடு போனவர் வில்லியம் பட்னி என்ற கால்நடை மருத்துவர். அங்கே இறந்த 25 நாய்களுக்கு இன்றும் அந்தத் தீவில் நினைவுச் சின்னம் இருக்கிறது. கர்ட், ஸ்கிப்பர், போஞ்சோ, டபி என்று பெயர் பெயராகப் பொறித்த கல். போர் முடிந்ததும், திரும்பி வந்த நாய்களைக் கொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பது பட்னிக்குத் தெரியவந்தது. வெறியேறியவை, இனி வீட்டுக்கு ஆகாது என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, முதலில் பழக்கிப் பார்ப்போம் என்று அனுமதி வாங்கினார். அவர் பதிவு செய்த கணக்கு இது: 549 நாய்களில் பழக்க முடியாமல் போனவை 4.

இந்த 4 என்ற எண்ணை மறந்துவிடக் கூடாது. பிற்காலத்தில் ஒவ்வொரு முறையும் ‘ஆபத்தான நாய்’ என்ற வாதம் தலைதூக்கியபோது, பதில் ராணுவத்தின் சொந்தக் கோப்பிலேயே இருந்தது.

பிறகு என்ன மாறியது? கொள்முதல் முறை மாறியது, அவ்வளவுதான். மக்களிடம் இரவல்போல வாங்கிய நாய்களைத் திருப்பி அனுப்புவது பெருஞ்செலவாக இருந்தது. எனவே 1946இல், இனி நாய்களை விலைகொடுத்தே வாங்குவது என்று ராணுவம் தீர்மானித்தது. எழுத்தர் ஒருவர் அதிகம் யோசிக்காமல் கோப்பில் சேர்த்திருக்கக்கூடிய சாதாரண வரி. ஆனால் அந்த வரியோடு நாய், ஜீப்பையும் கூடாரத்தையும் போலத் தளவாடமாகிவிட்டது. என் நாய் எங்கே என்று கேட்க இனி எந்த ஊரிலும் எந்தக் குடும்பமும் இல்லை. நாயின் காதில் பச்சை குத்திய எண்தான் பதிவேட்டில் அதன் அடையாளம்.

அந்த வரிக்கான விலை வியட்நாமில் தெரிந்தது.

அங்கே சுமார் 4,000 அமெரிக்க நாய்கள் வேலை செய்தன. வேவு நாய் படைப்பிரிவுக்கு முன்னால், தன் வீரரோடு தனியாக நடக்கும். அது குரைக்காது. காதுமடல் விறைத்து ஒரு பக்கம் திரும்பும், தலை லேசாக உயரும், அவ்வளவுதான். அந்த அசைவைப் படிக்கத் தெரிந்தவர் அதன் வீரர் மட்டுமே. புல்லுக்குள் இழுத்துக் கட்டிய கண்ணிக்கம்பி காற்றில் அதிரும் ஓசை மனிதக் காதுக்கு எட்டாது, நாய்க்கு எட்டும். பின்னால் வரும் முப்பது நாற்பது பேரின் கால்கள் அந்தக் காதுமடலை நம்பி நகர்ந்தன. நாய்களோடு போன வீரர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்தப் போரில் இறந்தார்கள். முன்னால் நடப்பவர் மேல்தான் முதல் குண்டு.

1966 டிசம்பரில் டான் சன் நட் விமானத் தளத்தில் நீமோ என்ற ஜெர்மன் ஷெப்பர்டு, முகத்தில் குண்டு பாய்ந்த பிறகும், அடிபட்டுக் கிடந்த தன் வீரர் மீது ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டது. ஒரு கண் போயிற்று. நீமோவை மட்டும் 1967இல் கொண்டாட்டமாக நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. மற்றவை? மொத்தத்தில் ஊர் திரும்பியவை சுமார் 200. படைகள் வெளியேறியபோது மிச்சமிருந்தவற்றில் பல ஊசி போட்டுக் கொல்லப்பட்டன. பல தென் வியட்நாம் ராணுவத்திடம் உபரித் தளவாடமாக ஒப்படைக்கப்பட்டன. உண்ணி பரப்பும் ஒரு நோய் நாய்களிடம் பரவியிருந்தது உண்மைதான். அதை அமெரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது என்ற அச்சமும் வெறும் சாக்கு அல்ல. என்றாலும், திருப்பிக் கொண்டுவரத் தெரியாத ராணுவம் அல்ல அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் வைத்துத் தேர்வு நடத்திய ராணுவம்.

நாயைப் போருக்குக் கொண்டுபோவதே தவறு என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிப்பாய்க்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். நாய்க்கு வெடிகுண்டைக் கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டு. கூலி ஒரு ரப்பர் பந்து. சோவியத் ராணுவம் இதை எல்லை வரை கொண்டுபோனது. பட்டினி போட்ட நாய்களுக்கு டாங்கியின் அடியில் சோறு வைத்துப் பழக்கி, பிறகு முதுகில் வெடிமருந்தைக் கட்டி ஜெர்மானிய டாங்கிகளை நோக்கி அவிழ்த்துவிட்டது. சில நாய்கள் தங்களுக்குப் பழக்கமான சோவியத் டாங்கிகளின் அடியிலேயே புகுந்தன. எதிர்வாதமும் லேசானதல்ல. ஒரு மோப்ப நாய் நின்றுவிட்ட இடத்தில் காலை வைக்காததால் பிழைத்த வீரரிடம் போய் நாயின் சம்மதத்தைப் பற்றிப் பேசுவது கடினம். இந்த வழக்கு முடியாது. ஆனால் வேலை முடிந்த நாயை என்ன செய்வது என்பது வேறு வழக்கு. அதில் ஒரு ராணுவத்துக்கும் சொல்ல நல்ல பதில் இல்லை.

இந்திய ராணுவத்துக்கும் சேர்த்துத்தான். மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவு 1960 முதல் நாய்களைப் பழக்கிவருகிறது. 2015 ஆகஸ்டில் காஷ்மீரின் டங்தார் பகுதியில் மான்சி என்ற லாப்ரடாரும் அதன் வீரரும் ஊடுருவல்காரர்களைத் தடுத்து ஒன்றாக இறந்தார்கள். மான்சியின் பெயர் பின்னர் வீரச்செயல் குறிப்பில் ஏறியது. அதே 2015இல்தான், பணிக்கு உதவாத நாய்களைக் கருணைக்கொலை செய்வது வழக்கம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே தெரிந்து, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. சண்டையில் செத்தால் மலர்வளையம், வயதானால் ஊசி. புதிய கொள்கை வகுக்கிறோம் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது ஓய்வுபெற்ற நாய்களை மீரட்டில் வைத்துப் பராமரிக்கிறார்கள். விரும்புகிறவர்களுக்குத் தத்தும் கொடுக்கிறார்கள்.

டெல்லி வழக்குக்கு 15 ஆண்டுகள் முன்பே அமெரிக்கா சட்டத்தை மாற்றியிருந்தது. அதற்குக் காரணமாக இருந்தது ராபி என்ற பெல்ஜியன் மாலினாய். மூட்டுவலியால் நடை தளர்ந்து, பல்லும் கெட்டுப்போன கிழ நாய். அதோடு வேலை செய்த வீரர், மிச்ச நாளை என் வீட்டில் கழிக்கட்டும், கொடுங்கள் என்று கேட்டார். விதியில் இடமில்லை என்றார்கள். சேதி நாடாளுமன்றத்துக்குப் போய், மேரிலாந்து உறுப்பினர் ராஸ்கோ பார்ட்லெட் மசோதா கொண்டுவந்தார். ஓய்வுபெறும் ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்கலாம் என்ற அந்தச் சட்டத்தில் 2000 நவம்பர் 6 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். ‘ராபி சட்டம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. கேட்ட வீரருக்கு ராபி கிடைக்கவில்லை. 2001 ஜனவரியில் அதற்கு ஊசி போட்டார்கள்.