முட்டுக்கட்டை

முட்டு + கட்டை. சரிவில் நிறுத்திய மாட்டுவண்டிச் சக்கரம் உருளாதபடி அண்டை கொடுக்கும் மரத்துண்டு. இன்று ‘முட்டுக்கட்டை போடுறான்’ என்றால் காரியத்தைத் தடுக்கிறான் என்று பொருள். பாவம், கட்டை பார்த்தது காவல் வேலைதான்.

செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பிச் சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளின் தலையைத் திருப்பும் மோட்டார்கள் பலவற்றில் இந்தக் கட்டையின் மின்சார வாரிசான பிரேக் உண்டு. பிடிப்பது ஸ்பிரிங், கரண்ட் வந்தால்தான் காந்தம் தட்டை இழுத்து விடுவிக்கும். கரண்ட் போனால் தானே பிடித்துக்கொள்ளும். பிரேக் லைனிங் தேயத் தேய, காந்தத்துக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி கூடும். ரொம்பக் கூடினால் காந்தம் இழுக்காது. பிரேக் விடாமல் மோட்டார் சூடேறும். அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் (அளவுத் தகடு) நுழைத்துப் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். அதற்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, தலையைத் தனியாகப் பூட்டிவிடுங்கள்.