வளவு காடான பின்

வன்னியில் வீடு என்று சொன்னால் வளவையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நான்கு சுவரும் கூரையும் மாத்திரம் வீடாகிவிடாது. கிணறு, கிணற்று நீர் ஓடும் வழியில் வாழை, வேலியிலே கிளுவையும் பூவரசும், முற்றத்தில் ஒரு மா, பின்புறம் புளி, மாட்டுக் கொட்டில், இவ்வளவும் சேர்ந்ததுதான் ஒரு குடும்பத்தின் இருப்பு. மீள்குடியேற்றம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையையே எழுதுகிறார்கள். வளவுக்கு நேர்ந்ததை எழுதியவர் குறைவு.

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தொகை ஏறத்தாழ 75,000. தவணை ஊருக்கு ஊர் வேறுபட்டது. யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரம், வேறு சில இடங்களில் சில நாட்கள். முல்லைத்தீவு நகரம், நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, கிளிநொச்சி, பூநகரிப் பக்கத்து நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம் என்று வன்னிப் பெருநிலத்தின் முஸ்லிம் குடியிருப்புகள் ஒரே மாதத்தில் வெறுமையாயின. போனவர்களில் மிகப் பெரும் பகுதியினர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையோடு எடுத்துச் சென்றவர்கள் உண்டு. பூட்டுவதற்குக் கதவு இருக்கும் என்று நம்பியிருந்த காலம் அது.

ஒரு வீடு எப்படி இல்லாமற் போகிறது? முதலிற் போவது கதவும் யன்னலும். அடுத்து ஓடு, அதன்பின் முதிரை மரத்து வளையும் பனஞ்சிலாகையும். கூரை போய்விட்டால் மிச்சத்தை வாடைக்கால மழை பார்த்துக்கொள்ளும். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்திலோ களிமண்ணிலோ எழுந்தவை. மேலிருந்து நனையத் தொடங்கினால் சாந்து கரைந்து, மேல்வரிசைக் கற்கள் ஒவ்வொன்றாய்க் கழரும். வெடிப்பிலே பறவை எச்சத்தில் வந்த ஆலம் விதை ஒன்று முளைத்தாற் போதும், சுவரை அது பிளந்துவிடும். கடைசியில் எஞ்சுவது அத்திவாரமும் வாசற்படியும் கிணற்றுக் கட்டும்தான். இதிலே போரின் பங்கு எவ்வளவு, மனிதக் கையின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நியாயத்துக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். நம்முடைய வீடுகள் சிலவற்றில், தாமும் ஊரிழந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தார்கள். ஆள் இருந்த வீடு ஆளில்லா வீட்டைவிட அதிக காலம் நின்றது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அதே மாதம் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்டன் பாலசிங்கம், முஸ்லிம்களை வெளியேற்றியது அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்தச் சமாதான இடைவெளியில் பலர் போய்த் தம் வளவுகளைப் பார்த்துவந்தார்கள். தங்கியவர் சிலரே. பிறகு 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தது. 2009 மே வரை நீண்ட இறுதிப் போர் எஞ்சியதையும் விடவில்லை. கண்ணிவெடி அகற்றியதற்கான அத்தாட்சி கிடைக்காமல் வளவுக்குள் கால் வைக்க முடியாத நிலை அதன் பிறகும் இருந்தது. கிணறு இறைப்பதே பயத்தோடு செய்யும் வேலையாயிற்று. உள்ளே என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

இருபது ஆண்டுக்குப் பின் போனவர்கள் கண்டது காடு. நாயுண்ணியும் விடத்தலும் வேம்பும் வளவை மூடி நின்றன. நம்மை வெளியேற்றியதால் வளர்ந்த காடு, பின்னர் நமக்கெதிரான சாட்சியாக வந்து நின்றது. மன்னார் முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் இதை முழுமையாக அனுபவித்தார்கள். 2017 மார்ச்சில் ஏறத்தாழ 40,000 ஹெக்டயரை மாவில்லு வனப் பிரதேசமாக வர்த்தமானி அறிவித்தது. தாம் பிறந்த மண்ணின் பகுதிகளும் அதற்குள் அகப்பட்டன என்று அவர்கள் முறையிட்டார்கள். முல்லைத்தீவிலும் முள்ளியவளைக் காட்டு நிலத்தை முஸ்லிம்களுக்குப் பகிரும் முயற்சி 2013இல் எதிர்ப்பைக் கிளப்பியது. காடு அழியக்கூடாது என்ற கவலையை நான் மறுக்கவில்லை. ஆனால் பழங்காட்டையும் பாழ்பட்ட வளவையும் வேறுபடுத்தி அறிய மரமே போதும். பாலையும் வீரையும் மெல்ல வளர்பவை. அவை பெருத்து நின்றால் அது பழங்காடு. மா, தென்னை, புளி, மாதுளை நிரையாய் நின்றால் அங்கே ஒரு குடும்பம் இருந்தது. கட்டிய கிணறும் மையவாடியும் அருகில் இருந்தால் வேறு அத்தாட்சி எதற்கு?

அத்தாட்சி கேட்கத்தான் செய்தார்கள். உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் அந்த ஒக்டோபரில் கைவிட்டு வந்தவர்கள் ஏராளம். வடக்குக் கிழக்குக் காணிப் பிணக்குகளுக்கென்று 2011 ஜூலையில் வந்த சுற்றறிக்கை நீதிமன்றம் வரை போய் மீளப்பெறப்பட்டது. 2013 ஜனவரியில் இன்னொன்று வந்தது. பத்து ஆண்டு எதிர்ப்பின்றி ஒரு காணியை வைத்திருந்தவர் உரிமை கோரலாம் என்னும் பழைய சட்டம், வெளியேற்றப்பட்டவனின் தலையில் தொங்கிய கத்தி. 2016இல் நிறைவேறிய விசேட ஏற்பாடுகள் சட்டம், 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விலக்க வழிசெய்தது. வழக்கு வைப்பதற்கு வசதியுள்ளவருக்கே அது பயன்பட்டது. எல்லைக் கல் எங்கே இருந்தது என்பதைக் காட்ட, கடைசியில் பக்கத்து வளவுத் தமிழ்க் கிழவரின் வாய்ச்சொல்லை நம்பவேண்டி வந்தது. பழைய அயலுறவு எங்கே உயிரோடிருந்ததோ, அங்கே எல்லையும் உயிரோடிருந்தது.

பழைய வீட்டைத் திருத்துவதா, இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவதா? 2012 ஒக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டக் கட்டத்தில் புதுவீட்டுக்கு 5,50,000 ரூபாய், திருத்தத்துக்கு 2,50,000 ரூபாய். இந்தக் கணக்கைப் பார்த்தவர் எதைத் தேர்வார் என்று சொல்லத் தேவையில்லை. நின்ற சுவரையும் தள்ளிவிட்டுச் சிறிய சீமெந்து வீடு கட்டினார்கள். குறைசொல்ல எனக்கு மனமில்லை. திருத்த முனைந்தவர்கள் இன்னொரு தவறு செய்தார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினார்கள். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்கிய ஈரம் சில மாரியில் பூச்சோடு சேர்த்துச் சாந்தையும் உதிர்க்கும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும். ஆனால் அந்த வேலை தெரிந்த மேசன்மார் அருகிவிட்டார்கள்.

இவை யாவும் தீர்ந்தாலும் வீடு யாருக்கு என்ற கேள்வி மிச்சம். எங்கள் வழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு. சீதனமாக மகள் பெறுவாள், மருமகன் அங்கே வந்து குடியேறுவான். 1990இல் ஒரு வளவில் இருந்த ஒரு குடும்பம், இருபது ஆண்டில் ஐந்தாறு குடும்பமாகிவிட்டது. வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால், மனைவியோ கணவனோ இல்லாதவிடத்து அச்சட்டத்தின் அட்டவணைப்படி மகனுக்கே முன்னுரிமை. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. நியமனம் எழுதாமலே புத்தளத்தில் மௌத்தாகி அங்கேயே அடங்கிய வாப்பாமார் உண்டு. சீதனமென்று அவர்கள் வாயாற் சொல்லிவைத்த வளவைத் துப்புரவாக்கியவள் மகள், கிணறு இறைத்தவள் மகள். பத்திரத்திலே பெயர் வந்தது, புத்தளத்தில் வேரூன்றிப்போய் இனி ஊருக்கு வரும் எண்ணமில்லாத மூத்த மகனுக்கு.