கிண்ணக்குழி: ஒரு கலைச்சொல்லின் பொருளும் வழக்கும்

1. முன்னுரை

வடிவ ஒப்புமை பற்றிப் பெயரிடுதல் எல்லா மொழிகளிலும் காணப்படும் மரபாகும். ஊசிக்குக் காதும் பானைக்கு வாயும் மலைக்கு அடியும் கூறுவது தமிழ் வழக்கு. இவை அன்றாடப் பேச்சில் மயக்கம் தருவதில்லை. ஆயின் இத்தகைய பெயரொன்று கலைச்சொல்லாக உயரும்போது சிக்கல் தோன்றுகிறது. வடிவால் ஒன்றாகவும் தோற்றத்தால் வேறாகவும் உள்ள பொருள்களை ஒரே பெயரால் வழங்கினால் ஆய்வின் முடிவே பிறழக்கூடும். கிண்ண வடிவ அமைப்புகளைச் சுட்டும் 'கியூபியூல்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். இச்சொல்லின் வரலாறு, இந்தியத் தொல்லியலில் அது பெற்ற பொருள், தமிழில் அதற்கு அமையத்தக்க சொல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொல்லின் பிறப்பும் கிளைகளும்

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'கூப்பா' என்பதாகும். அது மிடாவையும் பெருந்தொட்டியையும் குறித்தது. அதன் சிறுமைப்பொருள் வடிவமே 'கூப்புலா'. நிமிர்த்தி வைத்த கலம், கவிழ்த்து வைத்த கலம் என்னும் இரு காட்சிகளையும் ஒட்டி இதன் பொருள் கிளைத்தது. கவிழ்ந்த கலத்தை ஒத்த குவிமாடத்தை இத்தாலியர் 'கூப்போலா' என்றனர். கோவைப் பவுண்டரிகளில் வார்ப்பிரும்பை உருக்கும் 'கியூபோலா' உலையின் பெயரும் இவ்வழி வந்ததே. உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உணர்மயிர்களை மூடியுள்ள கூழ்மத் தொப்பியை உடலியலார் 'கியூபுலா' என்பர். நிமிர்ந்த கலத்தின் பொருள் 'கியூபியூல்' என்னும் வடிவில் முதலில் தாவரவியலில் நிலைபெற்றது.

தாவரவியலில் கருவாலி மரத்தின் கொட்டையைத் தாங்கும் சிறு கிண்ணம் இப்பெயர் பெறும். அதே குடும்பத்தைச் சேர்ந்த செஸ்ட்நட் மரத்தில் அது முள் நிறைந்த உறையாகிக் கொட்டைகளை முழுவதும் மூடுகிறது. அங்கே கிண்ண வடிவம் மறைந்தும் பெயர் மறையவில்லை. அற்றுப்போன விதைப் பெரணிகளில் சூல்களைச் சூழ்ந்த உறையும், மார்க்காந்தியா என்னும் ஈரலுருப் பாசியில் இனப்பெருக்க மொட்டுகளைத் தாங்கும் கிண்ணமும் இப்பெயராலேயே சுட்டப்பட்டன. இவை தோற்றத்தால் ஒன்றற்கொன்று உறவுடையன அல்ல. எனினும் தாவரத்தின் பெயர் உடன் நிற்பதால் அங்குப் பொருள் மயக்கம் நேர்வது அரிது.

3. பாறைக் குழிகள்

பாறைகளில் காணப்படும் கிண்ண வடிவக் குழிகள் 19ஆம் நூற்றாண்டில் 'கிண்ணக் குறிகள்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் வழங்கப்பட்டன. பிரித்தானியத் தீவுகளின் குறிகளைப் பற்றி ஜேம்ஸ் யங் சிம்சன் 1867இல் விரிவான நூல் வெளியிட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1877இல், ஆங்கில ஆட்சிப் பணியாளரான ரிவெட்-கார்னாக் குமாவுன் மலைப்பகுதியில் துவாராகாட் அருகே சந்திரேசுவரர் கோயிலையொட்டிய பாறையில் இத்தகைய குழிகள் வரிசையாக அமைந்திருப்பதை அறிவித்தார். 1903இல் எழுதிய கட்டுரையில் இவை பண்டைய எழுத்தின் ஒரு வகையாகலாம் என்னும் கருத்தையும் முன்வைத்தார். 'குறி' என்னும் சொல்லே இக்கருத்துக்கு இடமளித்தது எனலாம். குறி என்றவுடன் குறிக்கப்படும் பொருள் யாது என்னும் வினா எழுவது இயல்பு.

பிற்காலத்தில் பாறைக்கலை ஆய்வாளர் 'கியூபியூல்' என்னும் சொல்லைப் பெரிதும் கையாளலாயினர். இராபர்ட் பெட்னாரிக் இதன் பொருளை வரையறுத்தவருள் முதன்மையானவர். கல்லால் கொத்திக் கொத்தி மனிதர் உருவாக்கிய, அரைக்கோள வடிவான, பயன்பாட்டு நோக்கமற்ற சிறு குழியே கியூபியூல் என்பது அவர்தம் கருத்து. ஓடும் நீரில் கற்கள் சுழன்று அரித்த குழி, பாறை சிதைந்து உண்டான குழி, தானியம் குற்றிய குழி ஆகியன இவ்வரையறையால் விலக்கப்பட்டன. வடிவத்தை மட்டும் சுட்டிய சொல் இங்குச் செய்முறையையும் நோக்கத்தையும் சுட்டும் சொல்லாயிற்று.

இம்மாற்றத்தின் இன்றியமையாமையை மத்தியப் பிரதேசச் சான்றுகள் காட்டுகின்றன. 1957இல் வாகண்கர் கண்டறிந்த பீம்பேட்காவிலும், மந்துசௌர் மாவட்டத்தில் பான்புரா அருகிலுள்ள தரகி-சட்டான் குகையிலும் இக்குழிகள் உள்ளன. 'பிளவுண்ட பாறை' எனப் பொருள்படும் பெயருடைய தரகி-சட்டானின் இருபுறச் சுவர்களிலும் சுமார் 500 குழிகள் காணப்படுகின்றன. 2002 முதல் 2006 வரை கிரிராஜ் குமார் தலைமையில் நடந்த அகழாய்வில், குழிகளோடு உதிர்ந்த பாறைத் துண்டுகளும் கொத்துகற்களும் தொடக்கப் பழங்கற்காலக் கருவிகள் கிடைத்த அடுக்குகளில் காணப்பட்டன. இவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இவை அக்காலத்தனவாயின் உலகின் மிகப் பழைய பாறைக்கலைகளுள் இடம்பெறும். இயற்கைக் குழியையோ உரற்குழியையோ இப்பெயரால் வழங்கிவிட்டால் இத்தகைய முடிபுக்கே அடிப்படை இல்லாமற் போகும்.

இங்கு இரு தடயங்கள் துணைபுரிகின்றன. ஒன்று, குழியின் இடம். செங்குத்தான சுவரில் தானியம் குற்றவோ காய் வைத்து ஆடவோ இயலாது. மற்றொன்று, உழைப்பின் அளவு. 2002இல் அவ்விடத்துக் குவார்ட்சைட் பாறையில் செய்து பார்த்த ஒரு சோதனையில், 72 நிமிடங்களில் 8,490 முறை கொத்திய பின்னும் 1.9 மில்லிமீட்டர் ஆழமே கிடைத்தது. இத்துணை உழைப்பு தற்செயலாக நிகழாது.

எனினும் நோக்கத்தை வரையறையில் சேர்ப்பதிலும் இடர் உண்டு. கருநாடகத்தின் பெல்லாரிக்கு அருகில் குப்கல் குன்றிலுள்ள டாலரைட் பாறைகள் சிலவற்றைத் தட்டினால் மணியோசை எழுகிறது. அவற்றின் குழிகள் ஒலி எழுப்பத் தட்டியதன் விளைவு என ஆய்வாளர் கருதுகின்றனர். தெலங்கானாவின் முடுமால் பெருங்கற்காலக் களத்தில் ஒரு கல்லிலுள்ள குழிகள் எழுமீன் கூட்டத்தைக் காட்டுகின்றன என்பது கே. பி. ராவ் தரும் விளக்கம். குழியை உண்டாக்கவே கொத்தியதும், ஓசைக்காகத் தட்டக் குழி விழுந்ததும் தோற்றத்தில் ஒத்திருக்கின்றன. ஆகவே செய்முறையைச் சான்றால் நிறுவலாம். நோக்கத்தை உய்த்துணரவே இயலும்.

4. தமிழில் அமையும் சொல்

மக்கள் வழக்கு வடிவத்தைவிடப் பயனையே பெரிதும் நோக்குகிறது. இந்தியில் 'ஓக்லி' உரலைச் சுட்டுவது போலத் தமிழில் 'உரல்' குற்றும் தொழிலைச் சுட்டுகிறது. கோயில் மண்டபத் தளங்களில் ஏழேழாக இரு வரிசையில் குடைந்த குழிகளைப் 'பல்லாங்குழி' என ஆட்டத்தின் பெயராலேயே வழங்குவர். இவ்விரு சொற்களும் ஆய்வுக்குப் பெருந்துணையாவன. பயன் தெளிவானவற்றை இவற்றால் முதலில் பிரித்துவிடலாம்.

எஞ்சியவற்றுள் இயற்கையால் அமைந்ததை 'அரிப்புக்குழி' எனவும், மனிதர் கொத்தி அமைத்ததைக் 'கிண்ணக்குழி' எனவும் வழங்குதல் பொருந்தும். பின்னதில் 'குறி' என்னாது 'குழி' என்றமையால், பொருளுணர்த்தும் அடையாளம் என்னும் முன்முடிவு புகுவதில்லை. தாவர உறுப்புக்குக் குழி பொருந்தாது. 'கிண்ண உறை' என்பது ஏற்புடையதாகும். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் துறைதோறும் வேறு சொல் அமைதல் குறையன்று. மூலமொழி மறைத்த வேறுபாட்டை அது வெளிப்படுத்துகிறது.

5. முடிவுரை

மிடாவைக் குறித்த ஒரு சொல் குவிமாடத்துக்கும் உலைக்கும் செவியுறுப்புக்கும் கொட்டையின் உறைக்கும் பாறைக் குழிக்கும் பெயராகிக் கிளைத்தது. இறுதி நிலையில் அது மனித முயற்சியின் தொன்மையை உறுதிப்படுத்தும் பொறுப்பையும் ஏற்றது. எனவே கள ஆய்வாளர் ஒரு குழியைக் கண்டவுடன் கிண்ணக்குழி எனப் பதிவு செய்தல் தகாது. அதன் இடம், பாறையின் தன்மை, கொத்திய தடம் ஆகியவற்றை ஆய்ந்த பின்னரே அப்பெயர் வழங்கத்தக்கது. அதுவரை 'குழி' என்னும் பொதுச்சொல்லே போதுமானது.